மண்ணணையும் மதிநுட்பமும்

பேகம்பூரிலிருந்து மேற்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால் குடகனாற்றின் மணற்படுகையைக் காணலாம். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அங்கே ஆடு மேய்ப்போரையும் மணலில் விளையாடும் சிறுவரையும் காணலாமேயன்றி நீரைக் காண்பது அரிது. கீழ்ப்பழனி மலைச்சரிவிலே பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல் சமவெளியை வடக்கு நோக்கிக் கடந்து, வேடசந்தூர்ப் பக்கம் சென்று, முடிவில் அமராவதியோடு கலக்கும் காட்டாறு இது. வெளியூரிலிருந்து வருவோர் இந்த வறண்ட படுகையைப் பார்த்துவிட்டு, "இந்த ஆறா ஓர் அணையை உடைத்தது?" என்று வியப்பர். ஆம், இந்த ஆறுதான் உடைத்தது. வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பெற்ற மண்ணணை, 1977ஆம் ஆண்டில் நிறைவெய்தி, அதே 1977ஆம் ஆண்டில் வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்ததால் உடைந்துபோயிற்று.

மாணவர்களே, அணை உடைந்த செய்தியைச் செய்தித்தாளில் படிக்கும்போது நம் மனம் வெள்ளத்தின்மீதே செல்கிறது. எவ்வளவு மழை பெய்தது, எத்தனை ஊர்கள் மூழ்கின என்று கேட்கிறோம். இன்று நான் பேச விரும்புவது அதற்கு முந்திய காலத்தைப் பற்றி. ஓர் அணை களத்திலே எழுவதற்குமுன் காகிதத்திலே எழுகிறது. எந்த இடத்தில் கரை அமைப்பது, எவ்வளவு உயரம், எவ்வளவு நீர் தேக்குவது, எந்தக் குழியிலிருந்து மண் எடுப்பது, வெள்ளம் வந்தால் அதை எவ்வழியே வெளியேற்றுவது, செலவு எவ்வளவு என்னும் இவையெல்லாம் முதலில் ஒரு வரைவாக உருப்பெறுகின்றன. இதனைப் பொறியாளர் முதனிலை வரைவு என்பர். அந்த வரைவில் ஒரு கோட்டை அழித்து மறுகோடு போட ஓர் அழிப்பான் போதும். கரை எழுந்தபின் அதே மாற்றத்தைச் செய்யக் கோடிக்கணக்கான பணம் வேண்டும். சில வேளைகளில் பணத்தாலும் அது முடியாது. ஆகவே மண்ணணையின் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த முதல் வரைவின்போதே, அதனை ஆராய்வோர் கேட்கும் கேள்விகளாலேயே முடிவாகிவிடுகிறது. இதுவே நான் இன்று வரலாற்றைக் கொண்டு காட்ட எண்ணும் உண்மை.

மண்கரைக்குப் பகை நான்கு. பள்ளியில் பணியாற்றிய காலத்தில் இவற்றை மாணவர்க்கு ஒரு தகரத் தட்டிலே செய்து காட்டுவதுண்டு. தட்டின் நடுவே மண்ணைக் குவித்து ஒரு சிறு கரை அமைத்து, ஒரு பக்கம் நீரை ஊற்றுக. நீர் கரையின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் வழியத் தொடங்கினால், விரல் அகல ஓடை ஒன்று உண்டாகி, கண் இமைப்பதற்குள் கரையை இரண்டாகப் பிளந்துவிடும். இது முதற்பகை. நீர் உச்சியைத் தாண்டாமலே கரையின் உடலுக்குள் ஊறி, மறுபக்கம் கலங்கலாக வெளிவருவதும் உண்டு. கலங்கல் என்றால் உள்ளிருக்கும் மண் வெளியேறுகிறது என்பது பொருள். இது இரண்டாம் பகை. கரையின் சரிவு செங்குத்தாக இருந்தால், ஊறிய மண் தன் எடையாலேயே வழுக்கிச் சரிந்துவிடும். இது மூன்றாவது. கரை நன்றாக இருந்தும், அது நிற்கும் அடித்தளம் மணலாகவோ வெடிப்புள்ள பாறையாகவோ இருப்பின், நீர் அடியிலே வழி தேடிக்கொள்ளும். இது நான்காவது. கற்கட்டு அணைமீது சிறிது நேரம் நீர் வழிந்தாலும் அது நிற்கக்கூடும், மண்கரையோ நிற்காது. எனவே முதற்பகையை வெல்லாத வரைவு, மற்ற மூன்றையும் வென்றிருந்தும் பயனில்லை.

இந்த அறிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. தமிழகத்து ஏரிகள் அனைத்தும் மண்கரைகளே. கரையைக் கட்டிய நம் முன்னோர் அதனோடு மதகையும் கலிங்கையும் சேர்த்தே அமைத்தனர். மதகு பாசனத்துக்கு நீர் விடுவது. கலிங்கு மிகுந்த நீரைத் தானே வழியவிடுவது. ஏரி நிறைந்து ஒரு குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் நீர் கலிங்கின்மேல் ஏறி அடுத்த ஏரிக்கு ஓடும். யாரும் திறக்க வேண்டுவதில்லை. யாரும் விழித்திருக்க வேண்டுவதில்லை. ஆங்கிலேயப் பொறியாளர்கள் இச்சொல்லையே 'கலிங்குலா' என்று தம் ஏடுகளில் ஆண்டனர். உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. கரையைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை, அதனை ஆண்டுதோறும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதை அவ்வூரார் அன்றே அறிந்திருந்தனர்.

ஆயினும் பழையவை யாவும் குறையற்றவை என்று எண்ணிவிடலாகாது. கலிங்கின்மேல் வரிசையாகக் கற்களை நட்டு, மழைக்காலத்தின் இறுதியில் அவற்றுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்து, இன்னும் ஒரு முழம் நீரைத் தேக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பயிருக்கு நீர் போதவில்லை என்ற கவலையே அதற்குக் காரணம். அடைத்த பிறகு எதிர்பாராத மழை வந்தால், கலிங்கு அடைபட்டிருக்க, நீர் கரையின்மேல் ஏறும். இவ்வாறு உடைந்த ஏரிகள் பல. கூடுதலாக ஒரு முழம் நீர் வேண்டும் என்னும் ஆசைக்கும் கரையின் பாதுகாப்புக்கும் இடையே உள்ள இழுபறி அன்றே தொடங்கியது. பிற்காலத்துப் பெரிய அணைகளின் வரலாற்றிலும் இதே இழுபறியைத்தான் காண்கிறோம்.

நம் பகுதியின் வாழ்வை மாற்றிய பெரியாற்றுத் திட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விடலாம் என்னும் எண்ணம் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளையின் காலத்திலேயே, அதாவது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. 1808இல் கேப்டன் கால்டுவெல் என்னும் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு, இது நடவாத கனவு என்று எழுதிவிட்டார். 1850இல் ஒரு சிறிய மண்கரை தொடங்கப்பெற்றுக் கைவிடப்பட்டது. அந்தக் காட்டின் நோய்க்கு அஞ்சிய தொழிலாளர் மிகுந்த கூலி கேட்டனர். அதன்பின் ரைவ்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர் 1862 முதல் ஆராய்ந்து, 1867இல் ஒரு வரைவை அளித்தார். அவ்வரைவின்படி பெரியாற்றின் குறுக்கே எழ வேண்டியது 62 அடி உயரமுள்ள ஒரு மண்ணணை.

அந்த மண்ணணை எழவில்லை. சென்னை அரசாங்கத்தின் பொறியாளர்கள் பதினைந்தாண்டுக் காலம் அதனைப் பற்றி வாதிட்டனர். இடையே 1876ஆம் ஆண்டில் தொடங்கிய கொடும் பஞ்சம் வந்து, நீரின் தேவையை எல்லோருக்கும் உணர்த்திவிட்டுச் சென்றது. 1882இல் பென்னிகுவிக் புதிய வரைவு தயாரிக்கப் பணிக்கப்பட்டார். அவர் மண்ணை விடுத்து, ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்குச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையாலும் கல்லாலும் ஆகிய எடை அணையைத் தேர்ந்தார். 1884இல் அது ஏற்கப்பெற்று, 1887இல் வேலை தொடங்கி, 1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அணை திறக்கப்பட்டது. வேலை நடந்த ஆண்டுகளில் வெள்ளம் பலமுறை தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த வெள்ளங்கள் பாதி எழுந்த மண்கரை ஒன்றின்மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டிலே நாம் கண்ட விளைவே பள்ளத்தாக்கிலும் நிகழ்ந்திருக்கும். நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் பெரியாற்றுக் கால்வாய் பிரிந்து வயல்களுக்குச் செல்வதைக் காணும் மாணவர், இது ஒரு வரைவைத் துணிந்து மாற்றியதால் வந்த நீர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ரைவ்ஸ் தம் வரைவை அளித்த காலத்தில் மண்ணணை என்றாலே பொறியாளர் மனத்தில் ஓர் ஊர் நிழலாடியிருக்கும். அஃது இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகரம். அதற்கு மேலே உள்ள பள்ளத்தாக்கில் டேல் டைக் என்னும் மண்ணணை கட்டி முடியும் நிலையில் முதன்முறையாக நீர் நிரப்பப்பட்டு வந்தது. 1864ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகலில் ஒரு தொழிலாளி கரையிலே ஒரு விரிசலைக் கண்டான். பொறியாளர் இரவிலே விரைந்து வந்தார். நீர்மட்டத்தைக் குறைக்கக் கரையின் அடியிலே பதித்திருந்த குழாய்களைத் திறந்தனர். ஆனால் அவை சிறியவை. வழிந்தோடியை வெடிவைத்துத் தகர்க்கவும் முயன்றனர், பலிக்கவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன்னர்க் கரை உடைந்தது. ஏறத்தாழ 240 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். கரையின் நடுவே நீர் கசியாமலிருக்க எழுப்பிய களிமண் சுவரில் பிளவு உண்டாகியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளரின் கருத்து. காரணம் எதுவாயினும், ஆபத்து தெரிந்த பிறகும் நீரை விரைந்து இறக்க வழியில்லாமற்போனது வரைவின் குறையேயாகும்.

அந்நாளில் பொறியாளர்கள் மண்ணைப் பற்றி அனுபவத்தால் அறிந்தனரேயன்றிக் கணக்கால் அறிந்தாரிலர். அடுத்த எழுபது ஆண்டுகளில் அந்நிலை மாறிற்று. மணலின் ஊடே நீர் எவ்வளவு விரைவாக ஊறிச்செல்லும் என்னும் விதியை ஹென்றி தார்சி என்ற பிரெஞ்சு அறிஞர் 1856இலேயே வெளியிட்டிருந்தார். கார்ல் டெர்சாகி 1925இல் மண்ணின் இயக்கவியலுக்கு அடிப்படை நூலை எழுதினார். மண்துகள்களுக்கிடையே உள்ள நீரின் அழுத்தம் மிகுந்தால் மண்ணின் வலிமை குறையும் என்பதை அவர் விளக்கியபின், நேற்றுவரை நின்ற கரை இன்று சரிவது ஏன் என்பது புரிந்தது. 1933இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர், மண்ணை அளவான ஈரத்தில் வைத்து உருளையால் அழுத்தினால்தான் அது மிக இறுக்கமாகப் படியும் என்பதைக் காட்டினார். ஈரம் குறைந்தாலும் இறுகாது, மிகுந்தாலும் இறுகாது. பலகாரத்துக்கு மாவு பிசையும் நம் வீட்டுப் பெண்டிர் இதனைக் கேட்டால், "இதற்கு ஓர் ஆராய்ச்சியா?" என்று நகைப்பர். ஆனால் ஈரத்தை எண்ணால் அளந்து, ஒவ்வோர் அடுக்கையும் சோதித்துப் பார்க்க முடிந்தது அந்த ஆராய்ச்சியாலேதான்.

இவ்வளவு அறிவும் கைவந்த பின்னர்த்தான் நம் குடகனாற்று அணை கட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. அதன் அளவுகளைப் பாருங்கள். ஆற்றுப்படுகைக்கு மேல் அதன் உயரம் 11.45 மீட்டர், மிக ஆழ்ந்த அடித்தளத்திலிருந்து கணக்கிட்டால் 15.75 மீட்டர். முழுக்கொள்ளளவு 1 கோடியே 23 இலட்சம் கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 43 கோடி கனஅடி. வினாடிக்கு 1,275 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 45,000 கனஅடி வெள்ளத்தை வெளியேற்றுவதற்கென அது திட்டமிடப்பட்டது. வெள்ளக்காலத்து உச்ச நீர்மட்டத்துக்கு மேலும் கரை 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்கு மேல், உயர்த்தி அமைக்கப்பட்டிருந்தது. அலை அடித்தாலும் நீர் சற்று ஏறினாலும் கரையைத் தாண்டாமலிருக்க விடப்படும் வெற்றுயரம் அது. அடித்தளமும் உறுதியானதே. காகிதத்திலே பார்ப்பவர்க்கு இதில் குறை தோன்றுவதற்கில்லை.

வெள்ளம் வந்தபோது பணியாளர்கள் உறங்கவில்லை. கதவுகளை உயர்த்த உடனே முற்பட்டனர். கதவுகள் ஓரளவு உயர்ந்த நிலையில் மின்சாரம் நின்றுபோயிற்று. மாற்றாக இருந்த மின்னாக்கியை இயக்கினர். அதனாலும் முழுப்பயன் விளையவில்லை. பிறகு கையாலேயே கதவுகளைச் சுழற்றி உயர்த்த முயன்றனர். இவ்வளவும் நடக்கும்போது நீர் ஏறிக்கொண்டே இருந்தது. எட்டடி வெற்றுயரத்தையும் விழுங்கிக் கரையின் உச்சியைத் தாண்டி, பின்சரிவிலே அருவிபோல் இறங்கி, மண்ணை அரித்தது. கரையில் ஓரிடத்திலன்று, பல இடங்களில் உடைப்புகள் தோன்றின. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகன்றவை அவை.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 கோடியே 23 இலட்சம் கனமீட்டரை 1,275ஆல் வகுத்தால் வருவது 9,647 வினாடிகள். அதாவது 2 மணி 40 நிமிடத்துக்குச் சற்று மிகுதி. இதன் பொருள் யாது? திட்டமிட்ட அளவு வெள்ளம் வந்து, ஒரு கதவும் திறக்கப்படாதிருந்தால், முற்றிலும் காலியாக இருக்கும் அணையே மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். முன்னரே நிறைந்திருக்கும் அணையானால் காவலாளியின் கையில் உள்ள நேரம் இன்னும் சிறிது. மேட்டூர் போன்ற பேரணையில் வெள்ளம் வந்தால் யோசித்துச் செயற்பட நேரம் உண்டு. சிற்றணையில் அந்த நேரம் இல்லை. சிறிய அணை ஆகையால் ஆபத்தும் சிறிதே என்று நாம் எண்ணுகிறோம். உண்மையோ வேறு. நீர் சிறிதாகலாம்; ஆனால் பிழையைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் சிறிதாகிவிடுகிறது.

ஆதலால் இத்தகைய அணையின் முதனிலை வரைவை ஆராய்வோர், "வெள்ளத்தைக் கடத்தக் கதவுகள் போதுமா?" என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. "கதவுகள் திறவாவிட்டால் என்ன ஆகும்? மழையும் காற்றும் கூடிய இரவில் மின்சாரம் நின்றால் எத்தனை நிமிடம் தாங்கும்? கையால் ஒரு கதவை உயர்த்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்றும் கேட்டல் வேண்டும். பெருவெள்ளமும் மின்தடையும் தனித்தனியே வரும் என்று எண்ணுவது பிழை. மின்கம்பத்தைச் சாய்க்கும் புயல்தான் ஆற்றையும் பெருக்குகிறது. கலிங்குக்கு மின்சாரம் வேண்டாம் என்று முன்னே சொன்னேன். கதவுகளோ அதே உயரக் கரையில் மிகுந்த நீரைத் தேக்கவும், குறுகிய இடத்தில் மிகுந்த வெள்ளத்தைக் கடத்தவும் உதவுகின்றன. அந்த நன்மைக்கு விலையாக, மனிதரும் பொறியும் ஒருநாளும் தவறக் கூடாது என்னும் பொறுப்பை அணையின்மேல் ஏற்றிவிடுகின்றன. அறிந்தே அந்த விலையைக் கொடுப்பது வேறு. அறியாமல் கொடுப்பது வேறு. சில கதவுகளோடு, எக்காரணத்தாலோ அவை திறவாதபோது தானே வழியும் ஒரு தாழ்ந்த கலிங்கையும் சேர்த்து அமைத்தல் நடுவழியாகும்.

இது நம் ஊரில் மட்டும் நேர்ந்த தீங்கன்று. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் புனே நகருக்கு மேலே பான்ஷெட் மண்ணணை உடைந்தது. கட்டுமானம் முழுதும் நிறைவெய்தாமலே பருவமழை வந்துவிட்டது. நீரை வெளிவிடும் குழாய்வழியில் வேலை எஞ்சியிருந்தது. அதன்மேல் இருந்த கரை அமிழ்ந்தது. கீழே இருந்த கடக்வாசலா அணையும் அவ்வெள்ளத்தில் உடைந்து, நகரின் பெரும்பகுதி நீரில் ஆழ்ந்தது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையில் மண்கரைகள் உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. வினாடிக்கு 5,663 கனமீட்டர் வெள்ளத்துக்கென அமைந்த அவ்வணைக்கு வந்த வெள்ளம் அதன் இரு மடங்கிற்கும் மிகுதி. முன்னது கட்டும் முறையில் நேர்ந்த பிழை. பின்னது வெள்ளத்தை மதிப்பிடுவதில் நேர்ந்த பிழை. அறிவு மிகுந்த அமெரிக்க நாட்டிலும் 1976ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் டீட்டன் என்னும் 305 அடி மண்ணணை, முதல்முறை நீர் நிரம்பும்போதே, உள்ளே மண் அரிக்கப்பட்டு உடைந்தது. காலையில் கலங்கல் நீர் வெளிவரக் கண்டு கீழே இருந்தோரை எச்சரித்தனர். மரித்தோர் 11 பேர். ஷெபீல்டில் நள்ளிரவு, இங்கே நண்பகல். உயிர்களின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாட்டுக்கு அந்த எச்சரிக்கையே பெரிதும் காரணம். எச்சரிக்கும் ஏற்பாடும் வரைவின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தகைய துன்பங்களிலிருந்து விதிகள் பிறந்தன. எவ்வளவு வெள்ளத்துக்கு அணையை அமைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் இந்தியத் தர விதி 1985இல் வெளிவந்தது. சிறிய அணைக்கு நூறாண்டில் ஒருமுறை வரத்தக்க வெள்ளம். 1 கோடி முதல் 6 கோடி கனமீட்டர் வரை தேக்கும் நடுத்தர அணைக்கு அதனினும் கடுமையான மாதிரிப் பெருவெள்ளம். பேரணைக்கு இயற்கையில் வரக்கூடிய மிகப்பெரிய வெள்ளம் என அது பகுக்கிறது. குடகனாற்று அணை கொள்ளளவால் நடுத்தர வகையில் அடங்குவது. மண்கரையின் சரிவு வழுக்காமலிருக்க, அதனைத் தாங்கும் வலிமை, அதனைச் சரிக்கும் விசையைப்போல் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது, நீர் நிறைந்து ஊறிய நிலைக்குரிய மற்றொரு விதி. நீர் விரைந்து இறக்கப்படும் நிலையையும் தனியே கணக்கிடல் வேண்டும். ஏனெனில் வெளியே தாங்கி நின்ற நீர் போய்விட, உள்ளே ஊறிய நீர் மட்டும் நின்று கரையைத் தள்ளும்.

'நூறாண்டில் ஒருமுறை' என்ற சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள். அந்த வெள்ளம் நூறு ஆண்டு காத்திருந்து வரும் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். கணிதம் பயிலும் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஐம்பது ஆண்டுகளுக்குள் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது. கட்டிய ஆண்டிலேயேகூட அது வரலாம்.

இனி, செலவைப் பற்றி ஒரு சொல். வழிந்தோடியை அகலப்படுத்தினால் பணம் மிகும். பணம் மிகுந்தால் திட்டமே கைவிடப்படலாம். கைவிடப்பட்டால் வறண்ட நிலத்து உழவன் வறண்டே கிடப்பான். இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. திண்டுக்கல் சமவெளியில் கிணறு வெட்டி வெட்டி ஆழம் போன உழவர்க்கு ஓர் அணை எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை அவர்களிடையே வாழ்ந்தவன் அறிவேன். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருதுக. அணையால் பயன்பெறுவோர் கால்வாயின் ஓரத்தில் இருக்கிறார்கள். அணை உடைந்தால் துன்புறுவோர் ஆற்றின் ஓரத்தில் இருக்கிறார்கள். இருவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. மிச்சப்படுத்திய பணத்தின் பயன் எல்லோருக்கும். அதன் ஆபத்து ஆற்றங்கரையில் குடிசை போட்டவனுக்கு மட்டும். அவனைக் கேட்காமலே அவன் தலைமேல் ஆபத்தை ஏற்றுவது நீதியாகாது. ஆகையால் வரைவை ஆராயும் பொறியாளர், அந்த அவையில் இல்லாத ஒருவனுக்காகவும் பேசக் கடமைப்பட்டவர். 2021இல் இயற்றப்பெற்ற அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளை ஆராய்தலையும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் வகுத்தலையும் கட்டாயமாக்கியிருப்பது இந்த நீதியை ஒட்டியதே.

இவற்றைக் கேட்டு, மண்ணணையே ஆகாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி மண்கரையே. வெள்ளம் போக நடுவே கற்கட்டு அமைத்தனர். இந்தியாவின் மிக உயர்ந்த அணையாகிய தெகிரி, 260 மீட்டர் உயரத்துக்கு மண்ணும் பாறைத்துண்டும் கொண்டு எழுப்பப்பட்டதே. திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைத் தாங்கி நிற்பதும் கரையே. உடைந்த குடகனாற்று அணையும் பின்னர்ச் சீரமைக்கப்பெற்று இன்றும் நின்று பயன் தருகிறது. மண் தாழ்ந்த பொருளன்று. தன் குறையை மறைக்காத பொருள் அது. நீர் தன்மேல் ஏறினால் தாங்கமாட்டேன் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு நடத்தல் மனிதன் கடமை.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். மற்றவர் ஊராட்சியிலும் அரசுப் பணியிலும் அமர்ந்து, திட்டங்களுக்குக் கையொப்பம் இடுவீர்கள். அழகிய வரைபடம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும்போது, எல்லாம் சரியாக நடந்தால் அணை நிற்குமா என்று மட்டும் கேளாதீர்கள். ஏதேனும் ஒன்று தவறினாலும் நிற்குமா என்று கேளுங்கள். அடுத்த விடுமுறையில் குடகனாற்றுப் படுகைக்குச் சென்று, காய்ந்த மணலில் ஒரு கணம் நில்லுங்கள். அந்த மணலின்மேல் ஒருநாள் அணையை உடைத்த நீர் ஓடியது. மறுபடியும் பெருநீர் ஓடும் நாள் வரும். அந்த நாளில் கரை நிற்க வேண்டுமாயின், அதற்கான கேள்வியை இன்றே கேட்டாக வேண்டும்.